ஆவுளியா மீன் இல்லை, கடல் அட்டை புழு இல்லை

மறுபடியும் அதே மாதிரி ஒரு வீடியோ. வலையில் சிக்கிச் செத்த ஆவுளியா, சுற்றி நின்று படம் பிடிக்கும் கூட்டம், கீழே ‘அரிய வகை மீன்’ என்று தலைப்பு. பாக் நீரிணைக் கரையில் கடல் உயிரியல் வேலை பார்ப்பவனுக்கு இதைவிட எரிச்சல் வேறில்லை.

ஆவுளியா என்கிற கடல் பசு மீனே இல்லை. குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பாலூட்டி. செவுள் கிடையாது, நுரையீரல்தான். திமிங்கில வகையும் இல்லை. தரையில் அதன் நெருங்கிய சொந்தம் யானை. இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்காவிட்டால் அது வலைக்குள்ளேயே மூழ்கிச் சாகும். மீன் என்று நினைப்பவருக்கு அந்த அவசரம் எப்படித் தோன்றும்?

அதேபோல கடல் அட்டையும் புழு இல்லை. அது முட்தோலி, அதாவது தோலில் முள் போன்ற பகுதிகள் கொண்ட கடல் உயிர்க் கூட்டம். நட்சத்திர மீனின் கூட்டம். ரத்தம் உறிஞ்சும் அட்டையைவிட நமக்குத்தான் கிட்டத்து உறவு. (வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள்.)

“ஆவுளியாவைக் காப்பது சரி, அட்டையை எதற்குக் காக்க வேண்டும் சார்?” என்று கேட்பவர்களுக்கு: எந்த உயிர் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் உலகச் சிவப்புப் பட்டியலில் ஆவுளியா ‘அழிவாய்ப்பு இனம்’. நம் கடலில் கிடைக்கும் கடல் அட்டை வகையான வெள்ளை அட்டை அதற்கும் ஒரு படி மோசமாக ‘அருகிய இனம்’. உருவத்தைப் பார்த்துப் போடுகிற பட்டியல் இல்லை அது. ஆவுளியாவின் நிலையும் உலகக் கணக்குதான். ஆஸ்திரேலியக் கடலில் நிறைய இருப்பதால் நம் பக்கம் பெருகிவிடாது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் ஆவுளியா காப்பகமாக அறிவித்தது சும்மாவா?

இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது, அட்டையை 2001 முதல். புலி இருக்கிற அதே அட்டவணை. பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். இலங்கையில் உரிமத்தோடு கடல் அட்டைப் பண்ணையே நடத்துகிறார்கள், உண்மைதான். அது அந்த நாட்டுச் சட்டம். இங்கே பிடித்து அவித்துக் காயவைத்து அனுப்பினால் அது கடத்தல்.

அட்டை வலையில் ஏறினால் கூடையில் போடாதீர்கள், உயிரோடு அங்கேயே விடுங்கள். ஆவுளியா சிக்கினால் கரைக்கு இழுத்து வராதீர்கள். முதலில் மூக்கு நீருக்கு மேலே இருக்கட்டும். பிறகு வலையை அறுத்து விடுங்கள் அண்ணே, யோசிக்காதீர்கள். வீடியோ எடுத்தே ஆகவேண்டுமென்றால் விடுவிப்பதை எடுங்கள். அறுந்த வலைக்கு நிவாரணம் கிடைக்குமா என்று வனத்துறையிடம் கேட்கும்போது கைகொடுக்கும்.