ஸ்மார்ட் பிளக்: செருகியா, ஆளியா?

கைக்கு அடக்கமான ஒரு வெள்ளைப் பெட்டி. ஒரு பக்கம் மூன்று முளைகள், மறுபக்கம் மூன்று துளைகள். முளைப் பக்கத்தைச் சுவரில் செருக வேண்டும். துளைப் பக்கத்தில் விளக்கையோ சார்ஜரையோ மாட்ட வேண்டும். பிறகு போனைத் தொட்டால் பெட்டிக்குள் ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்கும், விளக்கு எரியும். இதைத்தான் ஸ்மார்ட் பிளக் என்கிறோம். தமிழில் எழுத வேண்டி வந்தால் ‘திறன் செருகி’, ‘அறிவார்ந்த செருகி’ என்று பெயர்த்துவிடத் தோன்றும். ஆனால் ஆங்கிலப் பெயரே இந்தப் பொருளைச் சரியாகச் சொல்லவில்லை. அதை அப்படியே பெயர்த்தால் குறையும் சேர்ந்தே வரும்.

முதலில் பிளக். நடுக்கால டச்சு மொழியில் ‘பிளுக்க’ என்றால் பீப்பாயின் துளையை அடைக்கும் தக்கை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாலுமிகள் வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. கப்பல் பலகையில் ஓட்டை விழுந்தால் அடிக்கும் முளைக்கும் அதுவே பெயர். அதாவது ஒன்றை வெளியேறவிடாமல் தடுப்பதுதான் பிளக்கின் பழைய வேலை. 1880களில் மின்சாரத் துறை அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது வேலை தலைகீழானது: செருகினால் அடைபடாமல் வழி திறந்தது. சாக்கெட் என்பதன் கதையும் சுவையானது. பழைய பிரெஞ்சில் ‘சொக்’ என்றால் கலப்பையின் கொழு. கொழுவின் வடிவில் இருந்த ஈட்டிமுனைக்கு ‘சொக்கெட்’ என்று பெயர் வந்தது. ஈட்டிமுனையின் அடியில் கழி நுழையும் குழி இருக்குமல்லவா, அங்கிருந்து எந்தப் பொருளும் நுழையும் குழிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு மின்சாரம் வந்த புதிதில் சுவரில் துளைகள் கிடையாது, விளக்கு மாட்டும் ஹோல்டர்தான் உண்டு. 1904இல் அமெரிக்காவின் ஹார்வி ஹப்பெல், ஹோல்டரில் திருகி மாட்டி அதிலிருந்து வேண்டும்போது கழற்றிக்கொள்ளும் ஒரு செருகிக்குக் காப்புரிமை பெற்றார். பார்க்கப்போனால் அதுவும் சுவருக்கும் சாதனத்துக்கும் இடையில் வந்து உட்கார்ந்த பொருள்தான். இன்றைய ஸ்மார்ட் பிளக்கின் இடமும் அதே இடம்.

தமிழ்ப் பேச்சில் பிளக் இன்னொரு மாறுதலையும் அடைந்திருக்கிறது. “சார்ஜரை பிளக்ல சொருகு” என்கிறோம். இங்கே பிளக் என்பது சுவரில் உள்ள துளை. “பிளக்கைப் பிடுங்கு” என்னும்போது அது ஒயரின் நுனி. ‘பிளக் பாயிண்ட்’ மறுபடியும் துளை. ‘பவர் பிளக்’ என்றால் கீசருக்கும் ஏசிக்கும் போடும் பெரிய 16 ஆம்பியர் துளை. நுழைவதும் நுழைவிடமும் ஒரே பெயரில் வழங்குகின்றன, யாருக்கும் குழப்பம் வருவதில்லை. எழுத்தில்தான் பிரித்துச் சொல்லியாக வேண்டும்.

நுழைவதற்குச் ‘செருகி’ என்ற சொல் நன்றாகவே நிலைத்துவிட்டது. செருகு என்பது தமிழ் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் வினை. கொண்டையில் பூச்செருகுகிறோம், புடவைக் கொசுவத்தைச் செருகுகிறோம், கூரை இறவானத்தில் அரிவாளைச் செருகி வைக்கிறோம், தூக்கம் வந்தால் கண் செருகுகிறது. பேச்சில் சொருகு என்கிறோம். பழைய பாடல்களுக்கு நடுவே பிற்காலத்தார் நுழைத்த செய்யுளை இடைச்செருகல் என்கிறார்கள் தமிழறிஞர்கள். நுழைவிடத்துக்குப் பொருத்துவாய், செருகுவாய் என்று சொல்லலாம். எனக்குச் செருகுவாய் பிடித்திருக்கிறது. செருகியும் செருகுவாயும் ஒரே வேரில் நிற்பதால் நினைவில் நிற்கும்.

இனி ஸ்மார்ட். பழைய ஆங்கிலத்தில் இது வலியைக் குறித்த சொல். சுரீரென்று எரிவதும் குத்துவதும் ஸ்மார்ட். ஜெர்மானிய மொழியில் வலிக்கு இன்றும் வழங்கும் ‘ஷ்மெர்ட்ஸ்’ இதன் உறவு. சுரீரென்று தைக்கும் பேச்சு, அப்படிப் பேசுபவரின் விரைவு, அந்த விரைவுக்குப் பின்னால் இருக்கும் கூர்மை, பிறகு மிடுக்கான உடை என்று பொருள் படிப்படியாக நகர்ந்தது. நம் ஊரில் “பையன் ஸ்மார்ட்டா இருக்கான்” என்றால் அழகாக இருக்கிறான் என்றுகூடப் பொருள். 1970களில்தான் இயந்திரங்களுக்கும் ஆயுதங்களுக்கும் இந்த அடைமொழி ஏறியது.

அரசு வழக்கிலேயே இதற்கு ஒரே தமிழ்ச்சொல் இல்லை. ஸ்மார்ட் சிட்டி ‘சீர்மிகு நகரம்’ ஆனது. பள்ளிகளில் ‘திறன்மிகு வகுப்பறை’ வந்தது. போன் ‘திறன்பேசி’ ஆனது. ‘நுண்ணறிவு’, ‘அறிவார்ந்த’ என்றும் எழுதுகிறார்கள். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் பொருந்தும். ஆனால் ஒரு விளக்கை அணைத்து ஏற்றும் பெட்டியை அறிவார்ந்தது என்பது மிகை. அதற்கு அறிவு கிடையாது, சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்யும், அவ்வளவே. திறன் என்றால், மின்னியலில் அது ஏற்கெனவே வேறொரு பொருளில் உட்கார்ந்திருக்கிறது. வாட் கணக்கில் அளக்கப்படுவதைப் பாடநூல்கள் மின்திறன் என்கின்றன. ‘திறன் செருகி’ என்றால் பவர் பிளக் என்று ஒருவர் புரிந்துகொண்டால் அவர்மேல் குற்றமில்லை.

எஞ்சுவது சூட்டிகை. சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் குழந்தையை நம் வீடுகளில் சூட்டிகை என்பார்கள். அறிவு வீங்கிய சொல் அல்ல, சுறுசுறுப்பைச் சொல்வது. அதில் ‘சூடு’ காதில் விழுகிறது, ஸ்மார்ட்டின் பழைய பொருளில் எரிச்சல் இருப்பதைப் போலவே. இந்த ஒற்றுமை தற்செயலாகவே இருக்கட்டும், சொல் பொருத்தமாக அமைந்திருக்கிறது.

பெயரின் இரண்டு பாதிகளையும் பார்த்தாயிற்று. ஆனால் பொருளின் நடுப்பகுதிக்கு இன்னும் பெயர் வரவில்லை. ‘டக்’ என்று கேட்கிறதே, அது ரிலே. சிறு கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தமாகி ஓர் உலோக நாக்கை இழுக்கிறது. அந்த நாக்கு 230 வோல்ட் வழியை இணைக்கிறது அல்லது துண்டிக்கிறது. சுருளுக்கு உத்தரவு கொடுப்பது பக்கத்தில் உள்ள வைஃபை சில்லு. பிரெஞ்சில் ரிலே என்பது களைத்த வேட்டை நாய்களுக்கும் குதிரைகளுக்கும் பதிலாக வழியில் காத்திருக்கும் மாற்றுக் கூட்டம். இதற்கு நேரான தமிழ்ச்சொல் அஞ்சல். வானொலியில் ‘தில்லி அஞ்சல்’ என்றது அந்தப் பொருளில்தான். இலங்கையில் தொடர் ஓட்டத்தை இன்றும் அஞ்சலோட்டம் என்கிறார்கள்.

ஆக, இந்தப் பெட்டி ஒரே உடம்பில் செருகி, செருகுவாய், சுவிட்ச் மூன்றும் ஆகிறது. முதல் இரண்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் உண்டு. இதைத் தனித்துக் காட்டுவது மூன்றாவது. 1975இல் ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸ் ஊரில் பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் எக்ஸ்10 என்ற முறையை உருவாக்கியது. வீட்டு மின்கம்பி வழியாகவே சைகை அனுப்பி, செருகிவைத்த பெட்டிகளைத் தூரத்திலிருந்து இயக்கியது. அதன் சாரமும் சுவிட்ச்தான். 2012இல் பெல்கின் நிறுவனத்தின் வீமோ என்ற ஸ்மார்ட் பிளக் வரிசை வந்தபோது மின்கம்பிக்குப் பதில் வைஃபை, ரிமோட்டுக்குப் பதில் போன். அதே வீமோ வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 2026 ஜனவரி 31உடன் ஆதரவு முடியும் என்று 2025இல் அந்த நிறுவனம் அறிவித்தது. எங்கோ இருக்கும் சர்வர் நின்றால் வீட்டுச் சுவரில் இருக்கும் பெட்டி போனின் பேச்சைக் கேட்காது. வாங்கும் முன் இதை யோசிக்க வேண்டும். 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்ற, ஸ்மார்ட் சாதனங்களுக்கான பொதுத் தரம், வீட்டு வலையமைப்புக்குள்ளேயே கட்டளை முடிந்துவிடும்படி அமைந்தது. அதை ஏற்கும் பெட்டிகளையே நான் விரும்புகிறேன்.

சுவிட்ச் என்று உணர்ந்துவிட்டால் இதை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதும் தெளிவாகும். சுவர்ச் சுவிட்சைப் போட்டதும் தானாக ஓடத் தொடங்கும் சாதனம் எதுவோ, அதற்கு இது பொருந்தும். கொசு மெஷின், சீரியல் லைட், மீன்தொட்டி மோட்டார், மேசை விளக்கு எல்லாம் சரி. தொடுபொத்தானை அழுத்தினால்தான் தொடங்கும் இண்டக்‌ஷன் அடுப்புக்குப் பயன்படாது. அதற்குக் கரண்ட் மட்டும் போகும், அடுப்பு காத்துக்கொண்டே இருக்கும். ஏசியை இதன் வழியே வெட்டி வெட்டி ஓட்டுவது கம்ப்ரஸருக்கு நல்லதல்ல.

சார்ஜ் விஷயத்தில் இது மிகவும் உதவும். (“சார்ஜ் ஏறுது” என்ற பேச்சுவழக்கோடு ‘மின்னேற்றம்’ அப்படியே பொருந்துகிறது, எவ்வளவு இயல்பான சொல்!) லித்தியம் பேட்டரி நிரம்பிய நிலையில், அதுவும் சூட்டில், நெடுநேரம் கிடந்தால் சீக்கிரம் மூப்படையும். புதிய போன்கள் பலவற்றில் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உள்ளேயே இருக்கிறது. பழைய போன், எமர்ஜென்சி விளக்கு, முடி வெட்டும் டிரிம்மர் போன்றவற்றுக்கு அது கிடையாது. இரண்டு மணி நேரத்தில் துண்டி என்று நேரம் குறித்துவிட்டால் போதும். வாட் அளக்கும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது: பேட்டரி நிரம்ப நிரம்ப அது இழுக்கும் வாட் குறைந்துகொண்டே வரும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் நிறுத்து என்று விதி எழுதலாம். வாஷிங் மெஷின் முடிந்ததை அறிவதற்கும் இதே உத்தி.

மின்கட்டணம் மிச்சமாகும் என்ற விளம்பரத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அணைத்த பிறகும் 10 வாட் இழுக்கும் ஒரு செட்டாப் பெட்டி மாதம் 7 யூனிட்டுக்குச் சற்று மேல் தின்னும். அதை இரவெல்லாம் துண்டித்தால் பயன் உண்டு. ஆனால் ஸ்மார்ட் பிளக்கே தன் வைஃபைக்காக 1 வாட் எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 யூனிட் அதன் செலவு. ஒரு போன் சார்ஜரைக் காவல் காக்க மட்டும் இதை வாங்கினால் கட்டணம் குறையாது.

ஆபத்து ஆம்பியரில் இருக்கிறது. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 1,380 வாட், 16 ஆம்பியர் என்றால் 3,680 வாட். 2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பெட்டியில், அதுவும் பெரிய முளையைச் சிறிய துளையில் மாட்ட உதவும் கன்வெர்ட்டர் போட்டு மாட்டினால், முளைகள் உருகும், தீப்பிடிக்கவும் கூடும். மின்ஸ்கூட்டர் சார்ஜர் மணிக்கணக்கில் ஓடும் சுமை, அதற்கும் 16 ஆம்பியர் வகையே ஏற்றது. மோட்டார் உள்ளவை தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும், ரிலேயின் நாக்கு ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிக்கொண்டால் போனில் அணைத்தாலும் அணையாது. வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டர் ராடையும் இஸ்திரிப் பெட்டியையும் ஆள் இல்லாத வீட்டில் தூரத்திலிருந்து இயக்கவே கூடாது. நம் ஊரில் கரண்ட் போய் வருவது சகஜம். திரும்பி வரும்போது பெட்டி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற ஓர் அமைப்பு பெரும்பாலான செயலிகளில் உண்டு, அதை ‘அணைந்த நிலை’ என்று வைத்துவிடுங்கள். இந்த எச்சரிக்கைகள் எல்லாமே சுவிட்சைப் பற்றியவை. ‘செருகி’ என்று மட்டும் பெயர் வைத்தால் இவை எதுவும் மனதில் எழாது.

சுவிட்சுக்கு இலங்கைப் பாடநூல்களில் ‘ஆளி’ என்ற அருமையான சொல் நெடுங்காலமாக வழங்குகிறது. ஆள்வது ஆளி, மின்னோட்டத்தைத் தன் ஆட்சியில் வைத்திருப்பது. தமிழ்நாட்டில் சொடுக்கி, நிலைமாற்றி என்று பலவும் முயன்றார்கள், மக்கள் நாவில் சுவிட்சே நின்றது. ஆளியைத் தமிழ்நாடும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இரண்டே எழுத்து, வல்லினம் இல்லை, எந்தச் சொல்லோடும் சேரும். ஆளி விதை இருக்கிறதே, சங்கப் பாடல்களில் சிங்கம் போன்ற விலங்கும் ஆளிதானே என்று கேட்கலாம். இடம் நோக்கிப் பொருள் கொள்வது தமிழுக்குப் புதிதல்ல. தொழிலாளியிலும் பங்காளியிலும் வரும் ஆளியை யாரும் விலங்கு என்று எண்ணுவதில்லை.

எனவே என் பரிந்துரை: செருகு, ஆளி இரண்டையும் சேர்த்துச் ‘செருகாளி’. செருகு என்பதன் ஈற்று உகரம் குற்றியலுகரம், உயிர் வந்ததும் தானே விலகிவிடும். இலக்கணப்படி இது வினைத்தொகை, ஊறுகாய் போல: செருகிய ஆளி, செருகுகின்ற ஆளி, செருகும் ஆளி எல்லாம் அதற்குள் அடங்கும். சுவரில் பதித்த ஆளியிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவதும் அந்தச் ‘செருகு’தான். வட்டமுகத்தில் பற்களை அமுக்கி நேரம் வைக்கும் பழைய டைமர் ‘நேரச் செருகாளி’. வலையில் இணைந்தது ‘சூட்டிகைச் செருகாளி’. வாட் காட்டுவது ‘அளவிச் செருகாளி’. ‘இடைச்செருகி’ என்ற சொல்லும் என்னை ஈர்த்தது உண்மை. ஆனால் வெளிநாட்டுப் பயணத்துக்கு எடுத்துப்போகும் அடாப்டரும் இடையில் செருகப்படுவதுதான், அதற்கு அந்தப் பெயரை விட்டுவைக்கலாம்.

கடையில் ஸ்மார்ட் பிளக் என்றே கேளுங்கள், அதுதான் கடைக்காரருக்குப் புரியும். 6 ஆம்பியரா 16 ஆம்பியரா என்று கேட்டு வாங்குங்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்குச் செவ்வக முளை கொண்ட 13 ஆம்பியர் வகை கிடைக்கும். அமைக்கும்போது பெட்டி பிடிவாதம் பிடித்தால், ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான செருகாளிகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் எட்டாது.