சுட்டுயிரி: சொல்லும் மரவட்டையும்

ஓரிடத்து நீரோ காற்றோ மண்ணோ கெட்டிருப்பதைத் தன் உடலில் தோன்றும் மாற்றத்தாலோ, தன் எண்ணிக்கை கூடுவதாலோ குறைவதாலோ அறியத் தரும் உயிரினம் சுட்டுயிரி எனப்படும். ஆங்கிலத்தில் பயோஇண்டிகேட்டர் என வழங்கும் சொல்லுக்கு இது நேரான தமிழ். அச்சொல்லின் முற்பகுதி உயிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தும், பிற்பகுதி காட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்தும் வந்தவை. அவ்வினைக்கு உறவான இண்டெக்ஸ் என்னும் இலத்தீன் பெயர் சுட்டுபவனையும் குறித்தது, சுட்டுவிரலையும் குறித்தது. அ, இ, உ ஆகியவற்றைச் சுட்டெழுத்து என்று வகுத்த மொழியில் இதற்கு வேறு வேர் தேட வேண்டியதில்லை.

உயிரியல் குறிகாட்டி, உயிர்ச்சுட்டி என்றும் எழுதுகின்றனர். குறிகாட்டி கருவிக்கும் பொருளாதாரப் புள்ளிவிவரத்துக்கும் பொதுவாகிவிட்டது. உயிர்ச்சுட்டி என்பதற்கோ உயிரைச் சுட்டுவது என்றும் பொருள் கொள்ள இடமுண்டு. சுட்டுயிரி வினைத்தொகை. சுட்டிய உயிரி, சுட்டும் உயிரி என விரிந்து, சுட்டுவது அந்த உயிரே என்பதை ஐயமின்றி உணர்த்துவதால் இதையே நான் பரிந்துரைக்கிறேன்.

பழனி மலைக்கு இக்கருத்து புதிதன்று. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையைச் சுற்றிப் பாதரசம் பரவியிருந்ததை, அங்கிருந்து எடுத்த பாசிகளையும் மரப்பாசிகளையும் கொண்டு காட்டிய ஆய்வு 2003இல் வெளியாயிற்று. மரப்பாசி என்று இங்கே சொல்வது நாம் குழம்பில் போடும் கல்பாசியின் இனத்தை. அதற்கு வேர் இல்லை. காற்றிலும் மழையிலும் வருவதையே பெரிதும் உட்கொள்வதால் அது காற்றின் சுட்டுயிரி ஆகிறது. மண்ணைச் சுட்ட, மண்ணிலேயே கிடந்து மண்ணையே தின்னும் உயிர் வேண்டும்.

அப்படிப்பட்டது மரவட்டை. மரம், அட்டை ஆகிய இரண்டும் புணரும்போது மகரம் கெட்டு, வகரம் உடம்படுமெய்யாக வந்த பெயர் இது. சோலைக்காட்டில் காலைப் பற்றிக் குருதி உறிஞ்சும் அட்டைக்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு. ரயில் பூச்சி என்பது பேச்சு வழக்கு. மலையாளத்தில் தேரட்டை என்பர். கணுவுக்கு ஓரிணைக் கால் கொண்ட பூரானைப் போலன்றி, மரவட்டையின் பெரும்பாலான கணுக்களில் ஈரிணைக் கால்கள் உண்டு. ஆதலால் அதன் வகுப்பை இரட்டைக்காலிகள் எனலாம்.

மட்கும் இலைகளையும் அவற்றோடு மண்ணையும் தின்று, மெல்ல ஊர்ந்து, சிறு பரப்பிலேயே வாழ்நாளைக் கழிப்பதால், அந்த மண்ணில் சேர்வது அதன் குடலையும் சென்றடைகிறது. பிரேசிலின் சாவோ பாவுலோ மாநிலத்தில் ரைனோகிரிகஸ் பட்பெர்கி என்னும் மரவட்டை இனத்தைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையக் கசடு கலந்த மண்ணில் வளர்த்து, அதன் நடுக்குடலை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். குடலின் உட்படலம் வழக்கத்தைவிட விரைவாகப் புதுப்பிக்கப்படுவதையும், அதை ஒட்டிய, கல்லீரல் உயிரணுக்கள் எனப்படுபவற்றில் நுண்மணிகள் மிகுதியாகச் சேர்வதையும் கண்டார்கள். மண்ணில் எவ்வளவு உலோகம் உள்ளது என்பதை ஆய்வகக் கருவி சொல்லும். அது ஓர் உயிரை என்ன செய்கிறது என்பதை அந்த உயிரின் உடல்தான் சொல்லும். சுட்டுயிரி என்னும் சொல்லுக்குத் தேவை எழுவது இவ்விடத்தில்தான்.

கசடு என்பதற்குக் குற்றம், அழுக்கு, அடியில் தங்கும் மண்டி எனப் பொருள்கள் உண்டு; 'கற்க கசடற' என்ற குறள் வழியே எல்லோரும் அறிந்த சொல். அமெரிக்கக் கழிவுநீர்த் துறையினரின் கூட்டமைப்பு 1991இல், வயலுக்கு எருவாக இடப்படும் கழிவுநீர்க் கசட்டுக்குப் பயோசாலிட்ஸ் என்று புதுப்பெயர் சூட்டியது. மக்களின் அருவருப்பைத் தணிப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அதை உயிர்த்திண்மம் என்று தமிழாக்கினால், சரக்கில் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் மட்டுமே மனத்தில் நிற்கும். காட்மியம், ஈயம், துத்தநாகம் முதலியன மறைந்துவிடும். சுத்திகரித்தாலும் உலோகம் அழிவதில்லை. கழிவுநீர்க் கசடு என்றே எழுதுவது நேர்மை.

கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் விளையும் மன்னவனூர், பூம்பாறைப் பக்கத்துக் கொடைக்கானல் மேல்மலைக்கு இச்சொற்கள் தேவைப்படும் காரணம் வேறொன்றும் உண்டு. மழை மிகுந்த மலைமண் பெரும்பாலும் அமிலத் தன்மை உடையது. அமில மண்ணில் காட்மியமும் துத்தநாகமும் எளிதில் கரைந்து பயிருக்குள் ஏறும். கசட்டை வயலில் இடுவது பற்றிய ஐரோப்பாவின் 1986ஆம் ஆண்டு நெறிமுறை மண்ணின் கார அமிலக் குறியீடு 6க்குக் கீழே இருந்தால் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. மண்ணைத் தொட்டு வளர்ந்து பச்சையாக உண்ணப்படும் பயிர்களுக்கு அறுவடைக்கு முந்தைய 10 மாதங்கள் கசடு இடுவதையும் தடுக்கிறது. கேரட் அவ்வகைப் பயிர்.

சொல்லைக் கையாளும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். மழைக்குப் பின் மரவட்டைகள் கூட்டமாக வெளிவருவது ஈரத்தால். அவை அருகிப்போவதற்கு வறட்சியும் பூச்சிக்கொல்லியும்கூடக் காரணமாகலாம். ஆகவே கண்ணில் பட்ட மரவட்டையை எல்லாம் சுட்டுயிரி என்று எழுதுவது பிழை. மாசு படாத மண்ணில் வாழும் அதே இனத்தோடு ஒப்பிட்ட பிறகே அப்பெயர் பொருந்தும்.