ஜூஸ் போடுவோம், சாறு பிழிவோம்

தமிழில் ஜூஸைப் 'போடுகிறோம்', சாற்றைப் 'பிழிகிறோம்'. காபி போடு, டீ போடு என்கிற வரிசையில் ஜூஸும் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்துக் கலக்குகிற எதற்கும் அந்த வினை பொருந்தும். 'கொஞ்சம் சாறு போட்டுக் கொடு' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எலுமிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் குறிப்பில் 'இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு' என்று இருந்தால், பழத்தை நறுக்கி, விதை விழாமல் பிழிந்து ஊற்றுவோம். அதையே 'எலுமிச்சை ஜூஸ்' என்றால் ஒரு டம்ளர் கண்முன் வந்துவிடும்: தண்ணீர், சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. பழம் ஒன்றுதான். சாறு கரண்டிக் கணக்கு, ஜூஸ் டம்ளர் கணக்கு. ஆங்கிலத்திலோ ஜூஸ் என்பது கரண்டியில் அளக்கிற அந்தச் சாறேதான். கடன் வாங்கிய சொல்லைத் தமிழ் தன் வசதிக்குத் தளர்த்திக்கொண்டது. அதில் தவறில்லை. ஆனால் தளர்ந்து தளர்ந்து, பழத்தைக் கண்ணாலும் காணாத ஆரஞ்சு நிறச் சர்க்கரைத் தண்ணீருக்கும் அதே பெயர் என்று ஆனபிறகுதான் சிக்கல்.

சொல்லின் வேரைப் பார்ப்போம். ஜூஸ் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலம் 'இயூஸ்' என்ற லத்தீன் சொல். பொருள்: குழம்பு, வடிசாறு. பழத்துக்கு முன்னால் அது அடுப்புப் பக்கத்துச் சொல். நம் சாறும் அதற்குத் தூரமில்லை. கன்னடத்தில் 'சாரு', தெலுங்கில் 'சாரு' இரண்டும் ரசத்தைக் குறிக்கும். வைணவ வழக்கில் ரசத்துக்குச் சாற்றமுது என்று பெயர். ரசம் என்ற வடசொல்லுக்கும் முதல் பொருள் சாறுதான். ஆகவே 'பழரசம்' என்பதைக் கேட்டு மிளகு ரசத்தை நினைத்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், சொல் சரியானதே. (புறநானூற்றில் சாறு என்றால் திருவிழா என்றும் பொருள் உண்டு. 82ஆம் பாட்டு 'சாறுதலைக் கொண்டென' என்று தொடங்குகிறது. அது வேறு கதை.)

சரி, எதைச் சாறு என்று சொல்லலாம்? உணவுத் தரங்களை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான கோடெக்ஸ், 2005இல் பழச்சாற்றுக்கு ஒரு வரையறை தந்தது. நல்ல நிலையில் உள்ள, பக்குவமாக விளைந்த பழத்தின் உண்ணத்தக்க பகுதியிலிருந்து கிடைக்கும் நீர்மம். அது புளிக்காதது, ஆனால் புளிக்கக்கூடியது. இந்தக் கடைசித் துண்டு எனக்கு மிகவும் பிடிக்கும். பிழிந்த சாற்றை அப்படியே வைத்தால் அது சில நாளில் மதுவாகத் திரும்பிவிடும் என்பது பழைய உலகம் முழுக்க அறிந்த சங்கதி. நம் பழந்தமிழிலும் 'பிழி' என்ற பெயர்ச்சொல்லுக்குக் கள் என்று பொருள். திராட்சைச் சாற்றைப் புளிக்கவிடாமல் சூடாக்கி, புட்டியில் அடைத்து நிறுத்தும் முறையை அமெரிக்கப் பல் மருத்துவர் தாமஸ் வெல்ச் 1869இல் கையாண்டார். புட்டிச் சாற்றின் வரலாறு அவ்வளவு இளையது.

சாற்றை நீர் வற்றக் காய்ச்சினால் செறிவு. செறிவில் திரும்ப நீர் சேர்த்தால், அதையும் சாறு என்றே தரம் ஏற்கிறது. காய்ச்சும்போது மணம் ஆவியாகப் போய்விடும். அதைப் பிடித்து வைத்துப் பின்னால் சேர்ப்பார்கள். அடுத்தது 'நெக்டர்'. கிரேக்கத்தில் தேவர்களின் பானத்துக்குப் பெயர். இன்றோ சாற்றில் தண்ணீரும் பெரும்பாலும் சர்க்கரையும் கலந்தது. சாறோ கூழோ பழத்தைப் பொறுத்துப் பொதுவாக 25 முதல் 50 விழுக்காடு இருந்தால் போதும். அமுதத்துக்கு இந்தக் கதி. அதற்கும் கீழே வருபவைதான் 'பழப் பானம்', 'ஃப்ளேவர்டு டிரிங்க்' என்றெல்லாம் பெயர் தாங்கியவை. முந்தையதில் கொஞ்சமாவது சாறு இருக்கும், பிந்தையதில் துளிகூட இல்லாமலும் இருக்கலாம்.

இந்த 'ஃப்ளேவர்' என்ற சொல்லிடம்தான் தமிழ் சறுக்குகிறது. 'சுவை' என்று மொழிபெயர்த்து, 'மாம்பழச் சுவை பானம்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்துக்கு வந்தபோது ஃப்ளேவரின் பொருள் வாசனைதான். நாக்குக்குரிய பொருள் பிறகு ஏறியது. அறிவியலும் அந்தப் பழைய பொருளின் பக்கமே நிற்கிறது. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ராபெரி பானம் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். இனிப்பும் புளிப்பும் தெரியும், ஸ்ட்ராபெரி தெரியாது. விரலை எடுத்த நொடியில் பழம் வந்து நிற்கும். நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு என்று சிலவற்றைத்தான். ஆரஞ்சா அன்னாசியா என்று பிரித்துச் சொல்வது பெரும்பாலும் மூக்கு.

பழமே இல்லாமல் பழத்தைக் காட்ட முடிவதும் இதனால்தான். வாழைப்பழ வாசனைக்கு ஐசோஅமைல் அசிடேட், அன்னாசி வாசனைக்கு எத்தில் பியூட்டிரேட். இரண்டுமே எஸ்டர்கள் என்னும் வகை வேதிச் சேர்மங்கள், ஆய்வுக்கூடத்தில் எளிதாகச் செய்யலாம். புதிதும் இல்லை: 1851இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியிலேயே செயற்கைப் பழ மணங்கள் காட்சிக்கு வந்துவிட்டன. புளிப்புக்கு சிட்ரிக் அமிலம். எலுமிச்சையிலிருந்து வருவதாக நினைப்போம். 1919 முதல் அதை ஒருவகைப் பூஞ்சையைக் கொண்டு சர்க்கரையிலிருந்தே தயாரித்துவருகிறார்கள்.

பெட்டியின் முன்பக்கத்தில் பாதியாக வெட்டிய பழமும் அதிலிருந்து தெறிக்கிற துளியும் இருக்கும். பின்பக்கம் திருப்புங்கள். பொருள்கள் எடை இறங்குவரிசையில்தான் எழுதப்பட்டிருக்கும். 'நீர், சர்க்கரை' என்று தொடங்கி, நடுவில் எங்கோ 'ஆப்பிள் செறிவு', அப்புறம் சேர்க்கைப் பொருளுக்கான எண் 330 (அதுதான் அந்த சிட்ரிக் அமிலம்), கெட்டியாகக் காட்ட 415 என்கிற சாந்தன் பிசின், கடைசியில் நிறமும் மணமூட்டியும் என்று முடிந்தால், பிழிந்தது குறைவு, போட்டதுதான் அதிகம். பெயரில் மாம்பழமும் பட்டியலில் ஆப்பிளும் இருப்பது அச்சுப்பிழை அல்ல. மலிவான சாறு உடம்பாகிறது, விலை உயர்ந்த பழம் வாசனையாகிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: சாறு என்றதும் சத்து என்று ஓடிவிட வேண்டாம். 100 மில்லி ஆரஞ்சுச் சாற்றில் ஏறக்குறைய 8 முதல் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. கோலா பானத்தில் இருப்பதற்கு அது வெகுதூரமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல், சாற்றின் இயற்கைச் சர்க்கரையையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் வைக்கிறது. நாம் இங்கே பார்ப்பது பெயரின் நேர்மையை மட்டும்.

அப்படியானால் எதை எப்படி எழுதலாம்? பிழிந்தது பழச்சாறு. செறிவிலிருந்து மீட்டது 'செறிவிலிருந்து பெற்ற சாறு'. நீளம்தான், ஆனால் ஏமாற்றவில்லை. கொஞ்சம் சாறு சேர்த்தது 'சாறு கலந்த பானம்'. பானம் வடசொல், பருகுவது என்று மட்டும் பொருள். பழம் பற்றி எந்த வாக்குறுதியும் அதில் இல்லாததால் இந்த இடத்துக்குப் பொருத்தம். ஃப்ளேவர்டு டிரிங்குக்குப் 'பழமணப் பானம்' என்பேன். 'சுவையூட்டிய' என்பதைவிட 'மணமூட்டிய' என்பதில் உண்மை அதிகம். பேச்சில் எல்லாமே ஜூஸாக இருந்துவிட்டுப் போகட்டும், எழுதும்போது பிரித்தால் போதும். நெக்டர்தான் இன்னும் கைக்குள் வராமல் நழுவுகிறது. பூவிலிருப்பது என்றால் பூந்தேன். பெட்டியிலிருப்பதற்குச் 'சாற்றுநீர்' என்று எழுதிப் பார்க்கிறேன், மோருக்கு நீர்மோர் மாதிரி.