நர்ஸுக்கே எட்டாத வைத்தியம்

அமெரிக்க மருத்துவமனைகளில் நர்ஸ்களின் ஓய்வறைப் பேச்சில், ஆள் பற்றாக்குறைக்கு அடுத்து அதிகம் அடிபடுவது இன்சூரன்ஸ்தான். நோயாளியிடம் "ஸ்கேனைத் தள்ளிப்போடாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்கிற நர்ஸ், "டிடக்டிபிள் இன்னும் தீரலை" என்று தன் முழங்கால் எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடுகிறார். (இன்சூரன்ஸ் பணம் தரத் தொடங்குமுன் நாமே கைக்காசாகக் கட்ட வேண்டிய தொகைதான் டிடக்டிபிள்.) எனக்கு இதைப் பார்க்கப் பார்க்கக் கோபம்தான் வருகிறது.

அமெரிக்க மருத்துவக் கொள்கைகளை ஆராயும் கே.எஃப்.எஃப். அமைப்பின் 2024 கணக்கெடுப்பின்படி, வேலை வழியாகக் கிடைக்கும் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டு பிரீமியம் 25,572 டாலர். அதில் ஊழியர் கையிலிருந்து போனது 6,296 டாலர். டிடக்டிபிளும், ஒவ்வொரு முறை டாக்டரிடம் போகும்போதும் கட்டும் கோபேயும் தனி. 2025இல் நெட்வொர்க்குக்குள்ளேயே, அதாவது பிளானோடு ஒப்பந்தமுள்ள மருத்துவமனைகளிலேயே காட்டினாலும், ஒரு குடும்பம் இப்படி 18,400 டாலர் வரை கட்ட நேரலாம், சட்டம் அதை அனுமதித்தது. அதனால் பிளான் தேர்ந்தெடுக்கும்போது பிரீமியத்தை மட்டும் பார்க்காதீர்கள். பிரீமியத்தோடு இந்த உச்சவரம்பையும் கூட்டிப் பாருங்கள். மோசமான வருடத்தில் அவ்வளவு பணத்தைப் புரட்ட முடியுமா என்பதுதான் கேள்வி.

பெரிய மருத்துவமனைகள் பலவும் தங்கள் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கின்றன. அட்டையில் பெயர் இருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி கணக்கு வழக்கை மட்டும் பார்த்துக்கொள்கிறது. ஆகவே "கம்பெனி விதி, நாங்கள் என்ன செய்ய?" என்று ஹெச்.ஆர். சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். பிளான் விதிகளில் முதலாளிக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தப் பிளான்களில் சொந்த மருத்துவமனையில் காட்டினால் செலவு குறைவு, வெளியே போனால் அதிகம் என்ற ஏற்பாடு சகஜம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மன அழுத்தத்துக்கோ கருச்சிதைவுக்கோ, தினமும் கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் போய்ப் படுக்க யாருக்கு மனம் வரும்? அதனாலேயே சிகிச்சையை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலைக்குத் தேவையில்லாமல் சக ஊழியரின் மருத்துவக் கோப்பைத் திறப்பது, நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் ஹிப்பா சட்டப்படி தவறு. திறப்பவரிடம் காரணம் கேட்கும் கூடுதல் பூட்டு பல மருத்துவமனைகளின் மென்பொருளில் இருக்கிறது. அதை உங்கள் கோப்புக்கும் போடச் சொல்லிக் கேளுங்கள். தயங்க வேண்டாம்.

இன்னொன்று. ஊசி குத்தினாலும், நோயாளியைத் தூக்கி முதுகு பிடித்தாலும், சொந்த இன்சூரன்ஸ் அட்டையை நீட்டாதீர்கள். அது வேலையில் பட்ட காயம். ஷிஃப்ட் முடிவதற்குள் எழுத்தில் பதிவு செய்யுங்கள். தொழிலாளர் இழப்பீட்டில் ஏற்கப்பட்ட காயத்துக்கு டிடக்டிபிள் கிடையாது.

முதலாளி தரும் காப்பீடு கட்டுப்படியாகிறதா என்று அளக்க சட்டத்தில் ஒரு சதவீதம் இருக்கிறது. 2025இல் அது வருமானத்தில் 9.02. ஆனால் முதலாளிக்கு அபராதம் போடும்போது பார்ப்பது ஊழியர் ஒருவருக்கான பிரீமியத்தை மட்டும்தான். குடும்பப் பிரீமியம் எவ்வளவு ஏறினாலும் அவரை யாரும் கேட்பதில்லை. 2023 முதல் ஒரு வழி பிறந்திருக்கிறது: குடும்பப் பிரீமியம் அந்த அளவைத் தாண்டினால், கணவனும் பிள்ளைகளும் அரசின் காப்பீட்டுச் சந்தையில் மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். வருமான வரம்பு உண்டு. இது தெரியாமலே பலர் முழுப் பிரீமியத்தையும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

2022 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டு மருத்துவமனை நர்ஸ்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நிறுத்தம் நீடித்தால் மே 1 முதல் அவர்களின் காப்பீட்டுக்குப் பணம் கட்டமாட்டோம் என்று நிர்வாகம் அறிவித்தது. பிள்ளைக்கு இன்சுலின் வாங்க வேண்டிய தாய் அந்த அறிவிப்பை எப்படிப் படித்திருப்பார்! காப்பீடு முதலாளி கையில் இருக்கும்வரை இந்த மிரட்டலும் இருக்கும். அதனால் அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்கு முன் யூனியன் கருத்துக் கேட்கும்போது சம்பள உயர்வோடு நிறுத்திவிடாதீர்கள். பிரீமியம் ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் ஏறக்கூடாது என்ற வரியும் ஒப்பந்தத்தில் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.