'கட்டிங்'கில் இருக்கும் பையன்கள்

உணவுக் கோளாறு என்றதும் நம் மனதில் வருவது ஒல்லியான ஒரு பெண்பிள்ளைதான். மருத்துவர்களும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தோம். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் பட்டினி கிடக்கும் அனோரெக்ஸியா நோய்க்கான அளவுகோல்களில் மாதவிடாய் நிற்பதும் ஒன்றாக இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு அதை எடுத்தது 2013-இல்தான்.

'கட்டிங்' என்ற பெயரில், கொழுப்பைக் கரைத்துத் தசை தெரியவேண்டும் என்று சாப்பாட்டைக் குறைக்கும் கல்லூரிப் பையன்கள், என்னிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேச வருவதில்லை. தலைசுற்றல், தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் கோபம், அரியர் என்று அம்மாதான் அழைத்து வருவார். மூன்றாமாண்டு பொறியியல் மாணவன் ஒருவன், விடுதி மெஸ் சோற்றைத் தராசில் நிறுத்துச் சாப்பிடுவான். நண்பனின் பிறந்தநாளில் இரண்டு பரோட்டா சாப்பிட்டுவிட்டு, அன்றிரவே மைதானத்தைத் தனியாகச் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறான். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 44. "ஜிம்முக்குப் போறவன்ல டாக்டர், அப்படித்தான் இருக்கும்" என்றார் அப்பா, கொஞ்சம் பெருமையாகவே.

பயிற்சி எடுப்பவர்களுக்குத் துடிப்பு குறையும், உண்மைதான். ஆனால் கை கால் சில்லிடுகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது, காலையில் எழும்போது ஆணுறுப்பு விறைப்பது நின்றுவிட்டது என்றால் அது பட்டினியாகவும் இருக்கலாம். கடைசிக் கேள்வியை, பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்க முடியும்.

"எவ்வளவு நேரம் ஒர்க் அவுட்?" என்று கேட்டால் பெருமையான பதில்தான் வரும். "போக முடியாத நாளில் என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். காய்ச்சலோடும் போகிறவன், போகாத நாளில் சாப்பாட்டையே வெட்டுகிறவன் அங்கே மாட்டிக்கொள்வான்.

இதற்கு நேர்மாறான ரகமும் உண்டு. மலை மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு, "ஒல்லியா இருக்கேன்" என்று மே மாத வெயிலிலும் தொளதொள முழுக்கைச் சட்டை போடுவார்கள். இதன் பெயர் மசில் டிஸ்மார்பியா. அப்புறம் யாரோ கொடுத்த ஸ்டீராய்டு ஊசி. விதைகள் சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு மார்பு வீங்கும். கடும் பயிற்சிக்குப் பின் தாங்க முடியாத தசைவலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அம்மாக்களுக்கு ஒன்று. வாரக்கணக்கில் பட்டினி கிடந்தவனுக்கு ஒரே நாளில் பிரியாணி விருந்து வைக்காதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் சடாரென இறங்கி இதயத்துடிப்பு தடுமாறலாம். ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, படிப்படியாகத்தான் உணவைக் கூட்டுவோம். ஜிம் பக்கமே போகக்கூடாது என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த முறை வரவே மாட்டான். நாடி தேறும்வரை மட்டும் ஓய்வு. நேரில் வரக் கூச்சப்படுகிறவர்கள் முதலில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம். இலவசம், தமிழிலேயே பேசலாம்.