மருந்தில்லாத ஊசி

சர்க்கரை நோய் பல வருடமாக இருப்பவர்களில் சிலருக்கு, படிக்கிற வரி நெளிய ஆரம்பிக்கும். எதிரில் நிற்பவரின் முகம் நடுவில் மட்டும் மங்கும். கண்ணாடியை மாற்றினாலும் தெளியாது. காரணம், கோளாறு இருப்பது விழித்திரையின் மையத்தில், மாக்குலா என்கிற சிறிய வட்டத்தில்.

விழித்திரையின் மெல்லிய ரத்தக்குழாய்களை வெளியிலிருந்து அணைத்துப் பிடித்திருக்கும் செல்கள், ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் கூடியே இருந்தால் மடிந்துபோகின்றன. சில குழாய்கள் அடைபடுகின்றன. ஆக்சிஜன் போதாத விழித்திரை, விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கப் பார்க்கிறது. அதே புரதம் பழைய குழாய்களின் சுவரையும் தளர்த்திவிடுகிறது. நீர் கசிகிறது, மாக்குலா வீங்குகிறது. விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுத்தால், நடுவில் பள்ளமாக இருக்க வேண்டிய இடம் மேடாகி, உள்ளே நீர் தேங்கிய இடங்கள் கறுப்பாகத் தெரியும்.

1980களிலிருந்து இதற்கு லேசர்தான். பார்வை மேலும் கெடாமல் அது பலருக்குக் காப்பாற்றியது. போன பார்வையைத் திருப்பித் தந்தது குறைவு. பிறகு ரானிபிசுமாப் வந்தது. கண்ணுக்குள் ஊசியாகப் போட்டால், விஇஜிஎஃப்பைப் பற்றிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கும் மருந்து. அது உண்மையிலேயே பார்வையைத் தருகிறதா என்று எப்படி நம்புவது?

இதற்காக ரைஸ், ரைட் என்ற இரண்டு ஆய்வுகள் நடந்தன. மொத்தம் 759 பேர். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானித்தார்கள். இரண்டு பங்குப் பேருக்கு மாதந்தோறும் மருந்து. மீதி ஒரு பங்குப் பேருக்கும் கண்ணை மரத்துப்போகச் செய்து, ஊசிமுனை இல்லாத சிரிஞ்சைக் கண்மேல் வைத்து அழுத்தினார்கள். மருந்து உள்ளே போகவில்லை; அழுத்தத்தை மட்டும் உணர்ந்தார்கள். பார்வையை அளந்தவருக்கும் யார் எந்தக் குழு என்று தெரியாது. தேவைப்பட்டால் 3 மாதத்துக்குப் பிறகு எல்லோருக்கும் லேசர் உண்டு.

2 வருடம் கழித்து, பார்வை அட்டையில் 15 எழுத்து, அதாவது 3 வரி, கூடுதலாகப் படித்தவர்களை எண்ணினார்கள். ரைஸ் ஆய்வில் மருந்தில்லாக் குழுவில் 18.1 சதவீதம்; 0.3 மில்லிகிராம் மருந்து பெற்றவர்களில் 44.8 சதவீதம். இந்த ஆய்வுகளின் பலத்தில்தான் 2012இல் அமெரிக்கா இந்த நோய்க்கு அந்த மருந்தை அனுமதித்தது.

என் மனதைத் தொடுவது அடுத்து நடந்ததுதான். மருந்தில்லாமல் 2 வருடம் மாதாமாதம் வந்துபோனவர்களுக்கும் அப்புறம் மருந்து கிடைத்தது. ஆனால் மூன்றாம் வருட முடிவில் அவர்களுக்குச் சராசரியாகக் கூடியது 5 எழுத்துகூட இல்லை. முதலிலிருந்தே மருந்து பெற்றவர்களுக்கு 10 எழுத்துக்கு மேல். வீக்கம் நீண்ட நாள் இருந்துவிட்டால், வற்றிய பிறகும் இழந்த பார்வை முழுக்கத் திரும்புவதில்லை என்று நமக்குத் தெரிந்தது அவர்களால். அவர்கள் பெயர் எந்தப் பாடநூலிலும் இருக்காது. மருந்து பெறுகிற ஒவ்வொரு கண்ணும் அவர்களுக்குக் கடன்பட்டது என்றே நினைக்கிறேன்.

சரி, அப்படியானால் வீக்கம் தெரிந்ததுமே எல்லோருக்கும் ஊசியா? அதையும் சோதித்துப் பார்த்தார்கள். 2019இல் வெளியான ஆய்வு அது. மாக்குலாவின் மையம் வீங்கியும் பார்வை நன்றாக இருந்த 702 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு குழுவுக்கு, விஇஜிஎஃப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான அஃப்லிபர்செப்ட் ஊசி, ஒன்றுக்கு லேசர், மூன்றாவது குழுவுக்குக் கண்காணிப்பு மட்டும். 2 வருடத்தில் பார்வை குறைந்தவர்களின் அளவு மூன்று குழுவிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 16, 17, 19 சதவீதம். கண்காணிப்பில் இருந்தவர்களில் 34 சதவீதம் பேருக்குத்தான் பின்னால் ஊசி தேவைப்பட்டது.

ஆனால் அந்தக் கண்காணிப்பு, வீட்டில் சும்மா இருந்தது அல்ல. குறித்த நாளில் வந்து அட்டையைப் படித்தார்கள். ஒரே வருகையில் 10 எழுத்து குறைந்தாலோ, அடுத்தடுத்த இரண்டு வருகையிலும் 5 முதல் 9 எழுத்து வரை குறைந்திருந்தாலோ, ஊசியைத் தொடங்கிவிட்டார்கள்.