கையில் கனத்தால் அது வால்நட்சத்திரக் கல் இல்லை

வானத்தில் ஒரு வால்நட்சத்திரம் வந்துபோனால் போதும், என் மேசைக்குக் கறுப்புக் கற்கள் வர ஆரம்பித்துவிடும். 2024 அக்டோபரில் சுசின்ஷான்-அட்லஸ் தெரிந்தபோதும் அப்படித்தான். "சார், இது வால்நட்சத்திரத்துல இருந்து விழுந்தது, காந்தம்கூட ஒட்டுது!" சேலத்தில் நிலவியலாளராக இருப்பவனுக்கு இது பழகிப்போன வசனம்.

கஞ்சமலைக் கல் காந்தத்தில் ஒட்டாமல் என்ன செய்யும்? அதில் இருப்பது மாக்னடைட் என்ற இரும்புத் தாது. சேர்வராயன் மலையிலிருந்து வருவது பெரும்பாலும் சார்னோகைட் என்ற பாறை: கறுத்து, எண்ணெய் தடவியதுபோல மினுக்கும். துளைதுளையாக இருந்தால் அநேகமாக இரும்பு உலையில் மிஞ்சும் கழிவான கிட்டம். இதற்கெல்லாம் லட்சத்தில் விலை பேசி முன்பணம் கொடுப்பவர்கள் இருப்பதால்தான் எழுதுகிறேன்.

வால்நட்சத்திரத்தின் கரு, அதாவது நடுவிலுள்ள திடப்பகுதி, கறுப்பு என்பது உண்மைதான். 1986-இல் ஜியாட்டோ விண்கலம் ஹாலி வால்நட்சத்திரத்தை நெருங்கிப் படமெடுத்தது. சுமார் 15 கி.மீ. நீளமுள்ள அந்தக் கரு, தன்மேல் விழும் ஒளியில் 4 சதவீதம் அளவுக்குத்தான் திருப்பி அனுப்புகிறது. உறைபனி உள்ளே இருக்க, மேலே கரிமச் சேர்மங்கள் கலந்த தூசி மூடியிருக்கிறது.

சரி, எடை? 67பி சுர்யுமோவ்-கெராசிமென்கோ என்ற வால்நட்சத்திரத்தை 2014 முதல் 2016 வரை ரோசெட்டா விண்கலம் கூடவே இருந்து அளந்தது. ஒரு கன சென்டிமீட்டருக்கு அரை கிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நம் சார்னோகைட் சுமார் 2.7 கிராம். அந்தக் கருவின் உள்ளே முக்கால்வாசி வெற்றிடம்.

படங்களைப் பார்த்தால் நம்ப முடியாது. கழுத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு உருண்டைகள், செங்குத்துப் பாறைச் சரிவுகள், தூசி படிந்த சமவெளிகள், சில நூறு மீட்டர் அகலம்வரை வட்டக் குழிகள், அவற்றில் சிலவற்றிலிருந்து பீய்ச்சும் வாயுவும் தூசியும். 2015 ஜூலையில் அஸ்வான் என்று பெயரிட்ட ஒரு சரிவு இடிந்து, உள்ளிருந்த வெள்ளைப் பனி வெளியே தெரிந்தது. பாறை போலத்தான் இருக்கிறது. ஆனால் ரோசெட்டா இறக்கிய ஃபிலே லேண்டர் துள்ளிப்போய் உரசிய ஒரு பாறையின் உட்புறப் பனி, காபி நுரையைவிட மிருதுவானது என்று 2020-இல் கணக்கிட்டார்கள். அப்படிப்பட்ட பொருள் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்து, கனத்த கட்டியாக உங்கள் மரவள்ளித் தோட்டத்தில் விழுமா? 2006-இல் ஸ்டார்டஸ்ட் விண்கலம் கொண்டுவந்த வைல்ட்-2 வால்நட்சத்திர மாதிரிகளே பெரும்பாலும் நுண்துகள்கள்தான்.

அப்புறம் ஒன்று. நிஜமான விண்கல்லும் காந்தத்தில் ஒட்டலாம். விண்கற்களில் பெரும்பாலானவை சிறுகோள்களிலிருந்து வருபவை. பீங்கான் ஓட்டின் மெருகில்லாத பின்பக்கத்தில் கல்லை உரசிப் பாருங்கள். அழுத்தமான கறுப்புக் கோடு விழுந்தால் மாக்னடைட், செம்பழுப்பு என்றால் ஹெமடைட் என்ற இன்னொரு இரும்புத் தாது. கோடே விழாமல் சந்தேகம் தீரவில்லையா, ஒரு நிலவியலாளரிடம் காட்டுங்கள். அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.